இரண்டாண்டுக் கல்லூரியின் இரு முகங்கள்

ஒரு கல்வி நிலையத்தின் நன்மை தீமைகளை ஆராயப் புகுவோர், அது எந்நோக்குடன் தோன்றியதென்பதை முதலிற் காணல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவிலே சமுதாயக் கல்லூரி என வழங்கும் இரண்டாண்டுக் கல்லூரியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். உயர்தரப் பாடசாலைக் கல்வியை முடித்தவன் அங்கே இரண்டாண்டு கற்றபின் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற் சேரலாம். அன்றித் தாதித்தொழில், கணக்கியல் போன்ற ஒன்றைப் பயின்று வேலைக்குஞ் செல்லலாம். இவ்விரு வழிகளும் ஒரே கூரையின் கீழ் அமைந்திருப்பதே அக்கல்லூரியின் சிறப்பு. அதன் இடர்ப்பாட்டிற்கும் அதுவே மூலம்.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான வில்லியம் றெயினி ஹார்ப்பர், 1892ஆம் ஆண்டிலே பட்டப் படிப்பின் முதலிரு ஆண்டுகளையும் பின்னிரு ஆண்டுகளையும் தனித்தனியே வகுத்தார். தொடக்க நிலைக் கல்வியை வேறு கல்லூரிகள் ஏற்குமாயின், பல்கலைக்கழகம் உயர் ஆராய்ச்சியில் ஈடுபடலாம் என்பது அவர் எண்ணம். இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரின் உயர்தரப் பாடசாலை அதிபர் ஸ்ரான்லி பிறவுண் என்பவரோ, ஊரை விட்டுச் செல்லாமலே பிள்ளைகள் மேற்கல்வி பெறவேண்டும் என விரும்பினார். இருவர் முயற்சியாலும் 1901ஆம் ஆண்டில் 6 மாணவருடன் ஜோலியற் கனிட்ட கல்லூரி தோன்றியது. ஒருவர் பல்கலைக்கழகத்தின் சுமையைக் குறைக்க நினைத்தார். மற்றவர் மாணவனின் வழியை நீட்ட நினைத்தார்.

இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்க்குக் கல்வி உதவி வழங்கும் சட்டம் 1944ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஜனாதிபதி ற்றூமன் நியமித்த குழு, 1947ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய தன் அறிக்கையில், இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பரவவேண்டுமென வற்புறுத்தியது. சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் நிலைபெற்றதும் அதன் பின்னரே. 1960ஆம் ஆண்டிற் கலிபோர்ணியா மாநிலம் வகுத்த திட்டம், மாணவருள் முதல் எட்டிலொரு பங்கினரை மாநிலப் பல்கலைக்கழகத்திற்கும், முதல் மூன்றிலொரு பங்கினரை மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியவராக்கி, கனிட்ட கல்லூரியின் வாயிலைக் கற்கவல்ல யாவர்க்கும் திறந்து வைத்தது.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. பகலெல்லாம் உழைப்பவன் மாலை வகுப்பிற் கற்றான். பிள்ளைகளை வளர்த்த தாய் தான் விட்ட கல்வியைத் தொடர்ந்தாள். விடுதிச் செலவு இல்லை, கட்டணமும் குறைவு. பாடசாலையிற் பின்தங்கியவனுக்கும் மறுபடி ஒரு தொடக்கம் கிட்டியது.

ஆயினும், திறந்த வாயில் வேறு. முடிவு வரை செல்லும் பாதை வேறு. 1960ஆம் ஆண்டிலே சமூகவியலறிஞர் பேற்றன் கிளாக், இக்கல்லூரிகள் மாணவரை வெளிப்படையாக மறுக்காது, மெல்ல மெல்ல அவர்தம் உயர்நோக்கைத் தணியச் செய்கின்றன என எடுத்துக் காட்டினார். அண்மைக் கணக்குகளும் இதனை மெய்ப்பிக்கின்றன. புதிதாகச் சேர்வோருட் பத்தில் எட்டுப் பேர் வரையில் நான்காண்டுப் பட்டத்தை நாடுகின்றனர். ஆறாண்டுகளுள் அதனைப் பெறுவோர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. இதற்கு அறிவுக் குறைவே காரணமெனல் பொருந்தாது. வேலையும் குடும்பமும் நேரத்தை விழுங்குகின்றன; கற்ற பாடங்கள் சிலவற்றைப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தலும் உண்டு. ஏற்கப்படாத ஒவ்வொரு பாடமும் வறியவனுக்கு இழந்த பணம், இழந்த காலம்.

இக்குறையைக் களையும் முயற்சிகளும் எழுந்தன. குறித்த பாடத்தொகுதியை முடித்தவர்க்கு மாநிலப் பல்கலைக்கழகத் தொகுதியில் இடம் உறுதிசெய்யும் சட்டம் 2010ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவில் இயற்றப்பட்டது. ரெனசி மாநிலம், பிற உதவிகள் போக எஞ்சும் கட்டணத்தைத் தானே ஏற்கும் திட்டத்தை 2014ஆம் ஆண்டிற் சட்டமாக்கி, மாணவர்க்கு வழிகாட்டுநரையும் அமர்த்தியது.

ஆகவே, தொழிற் பயிற்சியை நாடுவோர்க்கு இக்கல்லூரி நேரான வழி. பட்டத்தை நாடுவோர்க்கோ அது ஒரு பாலம். மறு கரையிலே எப்பல்கலைக்கழகம் எப்பாடத்தை ஏற்கும் என்பதை முதல் நாளிலேயே அறிந்து அடியெடுத்து வைத்தல் அவர்க்கு இன்றியமையாதது. அதனை அவர்க்கு அறிவிக்கும் கடமை கல்லூரியைச் சார்ந்தது. அக்கடமை வழுவுமிடத்துப் பிறவுண் நாட்டிய கல்லூரி மறைந்து, ஹார்ப்பர் எண்ணிய கல்லூரியே எஞ்சும்.