சித்தன்னவாசல்: பாறையும் பிரதியும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பழைய குளத்தூர் வட்டத்தைச் சேர்ந்தது சித்தன்னவாசல். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் ஓவியங்களைப் பெரும்பாலோர் முதலில் காண்பது அச்சில்தான். அச்சில் கண்டதற்கும் பாறையின் முன் நின்று கண்டதற்கும் உள்ள வேறுபாடு, அவற்றின் காலத்தைக் கணிப்பதிலேயே விளைவை உண்டாக்கியது என்பது என் வாதம்.

1920 வாக்கில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் இவ்வோவியங்களை உலகறியச் செய்தார். அதற்குச் சற்று முன்பே து. அ. கோபிநாதராவ் இவற்றைக் கவனித்திருந்தார். துப்ராய் இவற்றை முதலாம் மகேந்திரவர்மன் காலத்துப் பல்லவ ஓவியங்களாகக் கொண்டார். அந்தக் கணிப்பு படங்களோடு சேர்ந்தே பரவி, பல நூல்களில் வேரூன்றியது.

மறுப்பு பாறையிலேயே இருந்தது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததை, குகையின் முகப்பிலுள்ள கல்வெட்டு சொல்கிறது. அது 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தது. 1942இல் சென்னை அருங்காட்சியக வேதியியலார் எஸ். பரமசிவன் சுத்தம் செய்தபோது பழைய ஓவியப் படலமும் வெளிப்பட்டது. ஒரே கூரையில் இரு காலங்கள்! கூரையில் தீட்டிய தாமரைக் குளத்தை மட்டும் வெட்டியெடுத்து அச்சிட்ட படத்தில் இதற்கு இடமேது?

அந்தக் குளத்தையே எடுத்துக்கொள்வோம். தாமரை இலைகளுக்கிடையே மீன், அன்னம், எருமை, யானை. பூப்பறிக்கும் சமண அடியார்கள். புத்தகத்தில் இது மேசைமேல் விரித்த படம். குகையிலோ தலைக்குமேல் சுமார் எட்டடி உயரத்தில் இருக்கிறது. கழுத்தை உயர்த்தி, இடம் மாறி மாறி நின்றுதான் முழுவதும் காணமுடியும். கண் இருட்டுக்குப் பழகியபின் இலையின் பச்சை மெல்லத் தெரியவரும். கரடுமுரடான பாறைமேல் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த பூச்சு, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் படலம், அதற்கு மேல் வண்ணம் என அடுக்கு அடுக்காக அமைந்தது இது. பூச்சு உதிர்ந்த விளிம்பில் இந்த அடுக்குகளைக் கண்ணாலேயே காணலாம். நான் பார்த்த எந்த நிழற்படமும் இவ்வளவு தெளிவாக இதைக் காட்டியதில்லை.

ஆயினும் பிரதியை இகழ எனக்கு மனமில்லை. குகைத் தூணிலுள்ள ஆடல்மகளின் உருவம் மங்கிவிட்டது. பழைய கோட்டோவியங்களே இன்று கைவிரல்களின் வளைவைக் கூடுதலாகக் காட்டுகின்றன. ஆனால் கோட்டோவியம் வரைந்தவர் எது கோடு, எது கறை என்று தாமே முடிவு செய்தவர். அவர் விட்டதை நாம் தேட வேண்டுமானால் தூணுக்குத்தான் திரும்பவேண்டும். பிரதிகளுக்கும் ஆயுள் உறுதியில்லை. அஜந்தா குகை ஓவியங்களை 1844 முதல் படியெடுத்த ராபர்ட் கில்லின் படிகளில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் அழிந்தன. பின்வந்த ஜான் கிரிஃபித்ஸின் படிகளில் பலவற்றை 1885ஆம் ஆண்டுத் தீ கொண்டுபோனது. அஜந்தாவின் மூலம் மட்டும் குகையிலேயே நின்றது.

மூலத்தை நேரில் காண்பது எளிதல்லாத இடங்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் உள்ளன. அங்கே எளிதில் நுழையமுடியாததால் பொதுமக்கள் பார்ப்பது பெரும்பாலும் நிழற்படங்களையே. ஓவியத்தைக் காக்க இந்தக் கட்டுப்பாடு தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் மூலத்துக்குப் பதிலாக வைக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் அது எடுக்கப்பட்ட ஆண்டையும், மூலத்தில் அது எந்தச் சுவரில், எந்த உயரத்தில், எத்திசை நோக்கி இருக்கிறது என்பதையும் எழுதவேண்டும். சித்தன்னவாசல் படங்களை அச்சிடுவோருக்கும் இதையே வேண்டுகிறேன்.