விடுபட்டவர்களுக்கு ஓர் இடம்: புள்ளடியின் கதை

இந்நூற்றாண்டு மலருக்கான மாணவியர் பட்டியலை ஒப்புநோக்க நாம் கூடியிருந்த ஒரு மாலையில், எம்முள் மூத்தவரான அக்கா ஒருவர் இரண்டு பெயர்களுக்கிடையே பேனையால் சிறியதொரு குறியை இட்டு, ஓரத்தில் இன்னொரு பெயரை எழுதினார். "இவளை விட்டிட்டியள் பிள்ளையள். என்ரை வாங்கிலை இருந்தவள்" என்றார். அந்தக் குறியின் வரலாற்றை எழுதும் எண்ணம் எமக்கு அன்றுதான் எழுந்தது.

கட்டுரைக் கொப்பியில் ஆசிரியையின் சிவப்பு மையில் நாம் எல்லோரும் அதைக் கண்டிருக்கிறோம். வரியின் கீழே, நுனி மேல்நோக்கிய சிறு கூரை போன்ற குறி. ஆங்கிலத்தில் அதனைக் கரெற் என்பர். அது இலத்தீன் சொல். 'குறைகிறது' என்று பொருள். தமிழில் அதன் பெயர் புள்ளடி. புள் என்றால் பறவை. மணலில் பறவை பதித்த கால்தடத்தை ஒத்திருப்பதால் வந்த பெயர். வடமொழிச் சுவடி மரபிலும் இத்தகைய குறியைக் காகபாதம் என்றும் ஹம்சபாதம் என்றும் அழைத்தனர்.

ஓலையில் எழுத்தாணியால் கீறியதை அழித்தெழுத இயலாது. ஏடெழுதுபவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால், புதிய ஓலையில் முழுவதையும் மீண்டும் எழுதவேண்டும். அல்லது விடுபட்ட இடத்தில் அடையாளமிட்டு, வரிகளுக்கிடையிலோ ஓரத்திலோ அச்சொல்லைச் சேர்க்கவேண்டும். அடுத்துப் படியெடுப்பவர் அதைக் கவனியாது போனால், அவரது ஏட்டைப் பின்பற்றிய ஏடுகள் அனைத்திலும் அச்சொல் இல்லாது போய்விடும். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கவேண்டி இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஓர் ஏட்டில் இல்லாதது மற்றொன்றில் இருக்கக்கூடும்.

1841இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியது. 1849இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் நிறுவினார். ஈய எழுத்துக்களைக் கையால் கோர்த்த அக்காலத்தில், ஒரு சொல்லைப் புகுத்துவது எளிதன்று. கோர்த்த வரியைப் பிரித்து, இடைவெளிகளைக் குறைத்துப் பார்க்கவேண்டும். அப்போதும் கொள்ளாவிடில் பந்தியின் முடிவுவரை வரிகளைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஆகவே திருத்தம் எவ்வித ஐயமுமின்றி இருத்தல் அவசியம். வரிக்குள் குறி, ஓரத்தில் சேர்க்கவேண்டிய எழுத்தோ, சொல்லோ, காற்புள்ளியோ. குறி மட்டும் இருந்தால் எதைச் சேர்ப்பது என்பது தெரியாது. சொல் மட்டும் இருந்தால் எங்கே சேர்ப்பது என்பது தெரியாது. இன்று கணினியில் சொல்லைப் புகுத்தினால், அது ஒருகாலத்தில் விடுபட்டிருந்தது என்பதற்குச் சுவடே இல்லை.

எமது நாட்டில் புள்ளடிக்கு இன்னொரு பயனும் உண்டு. வாக்குச்சீட்டில் நாம் இடும் பெருக்கற் குறியையும் புள்ளடி என்றே சொல்கிறோம். 1931இல் சர்வசன வாக்குரிமை வரும்வரை இந்நாட்டுப் பெண்கள் வாக்காளர் இடாப்பிலேயே இல்லாதவர்கள். வடிவம் வேறாயினும், விடுபட்டவர்கள் உள்ளே வந்ததன் அடையாளம் அதுவும் அல்லவா?

இனி, எமது தவற்றையும் சொல்லவேண்டும். இடப்பெயர்வுகளில் பழைய சேர்வு இடாப்புகள் பல தொலைந்துபோனமையால், பரீட்சைப் பெறுபேறுகளை வைத்தே பட்டியலைத் தயாரித்தோம். இதனால் பரீட்சை எழுதுமுன்னரே கல்லூரியைவிட்டு நின்றவர்கள் அனைவரும் விடுபட்டனர். அக்காவின் தோழி, தகப்பனார் இறந்தபின் தம்பி தங்கைகளைப் பார்ப்பதற்காகப் படிப்பை நிறுத்தியவர். அந்த வாங்கில் மூன்று வருடம் இருந்தவர் எமது மாணவி அல்லவென்று எமது பட்டியல் சொல்லியிருந்தது. அன்று மாலையே ஒவ்வொருவரும் தத்தம் வகுப்பை நினைவுகூர்ந்தபோது, ஓரங்களில் மேலும் பல பெயர்கள் சேர்ந்தன.

ஆயினும் பட்டியல் இன்னும் நிறைவடையவில்லை. உலகெங்கும் வாழும் எமது சகோதரிகளே, உங்கள் வாங்கில் இருந்த ஒருத்தியின் பெயர் இல்லையெனக் கண்டால், உரிய இடத்தில் ஒரு புள்ளடி இட்டு, ஓரத்தில் அப்பெயரை எழுதி, அப்பக்கத்தின் படியொன்றை எமக்கு அனுப்பிவையுங்கள். அதற்காகவே பட்டியற் பக்கங்களின் ஓரங்களை அகலமாக விட்டிருக்கின்றோம்.