திரையில் இல்லாத நிறம்: பழைய பேய்ப்படங்களும் எண்ணெய் ஓவியமும்

1. சிக்கல்

யுனிவர்சல் நிறுவனத்தின் ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931), ‘தி மம்மி’ (1932) மூன்றும் கறுப்பு வெள்ளைப் படங்கள். இவற்றின் கொடிய உருவங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட வருபவர் முதலில் முட்டிக்கொள்வது நிறத்தில்தான். திரையில் இல்லாததை எங்கிருந்து எடுப்பது? ஓர் ஓவியம் நகலா, படைப்பா என்பதை இதற்கு அவர் சொல்லும் விடையே முடிவு செய்கிறது என்பது என் துணிபு.

2. பச்சைத் தோல்

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃபுக்கு ஒப்பனை செய்த ஜாக் பியர்ஸ் சாம்பல் கலந்த பச்சைப் பூச்சைப் பயன்படுத்தினார். படச்சுருளில் அது பிணத்தின் வெளிறலாகப் பதியும் என்பதே காரணம். இமைகளில் மெழுகு வைத்தார். கார்லாஃப் செயற்கைப் பல்லைக் கழற்றிவிட, ஒரு கன்னம் குழி விழுந்தது. திரையரங்கில் இருந்தவர்கள் பார்த்ததென்னவோ சாம்பல்தான். இன்றோ பொம்மை, முகமூடி, ஓவியம் எல்லாவற்றிலும் அந்த அரக்கன் பச்சை! கேமராவை ஏமாற்றச் செய்த தந்திரம் பிறவி நிறமாகிவிட்டது.

ஓவியர் பேசில் கோகோஸ் இந்த வழக்கத்துக்குள் அடங்கவில்லை. ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ இதழுக்கு 1960 முதல் அவர் வரைந்த அட்டைகளில் ஒரே முகத்தின்மேல் வெவ்வேறு வண்ண விளக்குகள் விழுகின்றன. தோலின் நிறம் எது என்ற கேள்வியையே அவர் தள்ளிவிட்டார். ஒளியின் நிறத்தைத் தீட்டினார். அவர் எல்லாவற்றையும் எண்ணெயில் தீட்டியவர் அல்லர். ஆனாலும் எண்ணெய் ஓவியர்கள் கற்க வேண்டியது அவரிடமே.

3. பூச்சு

முதலில் சாம்பல் நிறத்திலேயே ஒளியையும் நிழலையும் முடித்து, காய்ந்தபின் மெல்லிய வண்ணப் படலங்களை ஏற்றுவது ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் பழைய முறை. பழைய படத்தின் ஒரு காட்சி அந்த அடிப்பூச்சை ஆயத்தமாகத் தந்துவிடுகிறது. கார்லாஃபின் கண்குழியை எடுத்துக்கொள்வோம். குழாயிலிருந்து பிதுக்கிய கறுப்பை அங்கே அப்பினால் முகத்தில் ஓட்டை விழுந்ததுபோல் ஆகும். அடர்பழுப்பும் நீலமும் கலந்து, ஆளிவிதை எண்ணெயில் இளக்கிப் படலம் படலமாக ஏற்றினால் நிழலுக்குள் இமை தெரியும்.

4. எதிர்த்திசை

ஓவியத்திலிருந்து திரைக்குப் போனவையும் உண்டு. எட்வர்ட் ஹாப்பர் 1925-இல் தீட்டிய ரயில்பாதையோர வீடு, ‘சைக்கோ’ (1960) படத்து வீட்டுக்கு முன்மாதிரி. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் மணப்பெண் எலிசபெத் தலை தொங்கக் கட்டிலில் கிடக்கும் காட்சி, ஹென்றி ஃபியூசெலியின் ‘கொடுங்கனவு’ (1781) ஓவியத்தை அப்படியே நினைவூட்டுகிறது. டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தில் வெளிர் உடையும் இருண்ட சிவப்புத் திரையும் இருக்கின்றன. இந்த ஒரு காட்சிக்கு மட்டும் நிறத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபியூசெலியின் சிவப்பைக் கடன் வாங்கும் ஓவியரை நான் குறைசொல்ல மாட்டேன்.