ஆரணியில் ஏற்றிய பாரம்: பொதிமாடு முதல் குட்டி யானை வரை

ஆரணி என்றால் முதலில் பட்டு, அடுத்தது அரிசி. இரண்டுமே ஊரை விட்டு வெளியே போனால்தான் காசு. ஊருக்குள்ளேயே கட்டிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தால் நெசவாளிக்கும் பிழைப்பு இல்லை, மில்காரருக்கும் பிழைப்பு இல்லை. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வர வேண்டும். ஜரிகை சூரத்திலிருந்து வர வேண்டும். நெய்து முடித்த சேலை காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் போக வேண்டும். இவ்வளவு போக்குவரத்து உள்ள ஊருக்குள் இன்று வரை ரயில் வந்ததில்லை! கோட்டை, ஜாகீர்தார், அரண்மனை பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த ஊரில் யார் எதை எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். அதிலேயே பாதி சரித்திரம் வந்துவிடும்.

முதலில் மாடு. 18-ஆம் நூற்றாண்டுப் போர்களைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிக்கும்போது தளபதி பெயரும் தேதியும்தான் மிஞ்சும். அந்தச் சேனைகளுக்கு அரிசி எப்படிப் போனது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பீரங்கியை இழுக்க மாடு, குண்டைச் சுமக்க மாடு, அரிசி மூட்டைக்கும் மாடு. தானியம் சுமக்கும் பொதிமாடுகளை ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போவதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் லம்பாடிகள். எந்தப் பக்கம் சேனைக்கு அவர்கள் தானியம் கொண்டுவந்து விற்கிறார்களோ, அந்தப் பக்கத்துக்குச் சோறு. அந்தக் காலத்து லாரி கம்பெனி என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆரணியில் இரண்டு முறை பெரிய சண்டை நடந்திருக்கிறது. 1751 கடைசியில், ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு, கிளைவ் மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு ராசா சாகிபை இங்கே தோற்கடித்தார். இது எல்லாரும் சொல்லும் கதை. நமக்கு வேண்டியது இரண்டாவது சண்டை.

1780-இல் ஹைதர் அலி கர்நாடகப் பிரதேசத்துக்குள் (இப்போதைய கர்நாடக மாநிலம் இல்லை, ஆற்காட்டு நவாபின் சீமை) பெரும்படையோடு இறங்கினார். அவரை எதிர்க்க சென்னைக்கு வந்து சேர்ந்தவர் சர் அயர் கூட். வயதானவர், உடம்பும் சரியில்லை. 1781-இல் பரங்கிப்பேட்டை, பொள்ளிலூர், சோளிங்கர் என்று வரிசையாகச் சண்டை போட்டார். ஆனால் ஜெயித்த பிறகு எதிரியைத் துரத்திக்கொண்டு போக முடியவில்லை. காரணம் வீரம் குறைந்தது அல்ல, மாடு குறைந்தது. ஹைதரின் குதிரைப்படை சுற்று வட்டாரத்தையே துடைத்து வைத்திருந்தது. விலைக்கு வாங்கக்கூட மாடும் இல்லை, தானியமும் இல்லை. கூட்டின் படை ஒவ்வொரு முறையும் சில நாள் அரிசியைக் கட்டிக்கொண்டு கிளம்பும், அது தீர்வதற்குள் திரும்பும். 1782 ஜனவரியில், முற்றுகையில் பட்டினி கிடந்த வேலூர்க் கோட்டைக்கு அரிசி கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் பயணத்திலேயே அவருக்கு உடம்பு முடியாமல் போனது. வேலூருக்கும் ஆரணிக்கும் இன்றைய பஸ்ஸில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அன்றைக்கு அந்த அரிசி வண்டிகள் பட்ட பாடு ஒரு யுத்தத்துக்குச் சமம்.

இப்போது ஆரணிக்கு வருவோம். ஹைதர் தன் படைக்கு வேண்டிய தானியத்தையும் தளவாடத்தையும் சேர்த்து வைத்திருந்த முக்கியமான கிடங்கு ஆரணிக் கோட்டையில் இருந்தது. கூட் கணக்குப் போட்டார். இதைத் தொட்டால் ஹைதர் ஓடி வந்தே ஆக வேண்டும், பிடித்துவிட்டால் தன் படைக்கும் சாப்பாடு கிடைக்கும். கணக்கின் முதல் பாதி பலித்தது. ஹைதர் ஓடி வந்தார். 1782 ஜூன் 2-ஆம் தேதி ஆரணி அருகே சண்டை. ஹைதர் கூட்டைக் களத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆரணிக் கோட்டையைப் பலப்படுத்தவும் அங்கிருந்த பொக்கிஷத்தைக் காப்பாற்றவும் திப்பு அனுப்பப்பட்டார். மாலையில் களம் ஆங்கிலேயர் கையில், கிடங்கு ஹைதர் கையில்! கோட்டையை முற்றுகையிட்டு உட்கார கூட்டிடம் அரிசி இல்லை. திரும்பிப் போனார். இதை ஆங்கிலேய வெற்றி என்று எழுதுகிற புத்தகங்கள் உண்டு. கிடங்குக்காக வந்து கிடங்கில்லாமல் போனதை வெற்றி என்பது கொஞ்சம் அதிகம்தான். அதே வருடம் டிசம்பரில் ஹைதர் சித்தூர் பக்கம் முகாமில் இறந்தார். அடுத்த ஏப்ரலில் கூட்டும் சென்னையில் இறந்தார்.

சண்டை ஓய்ந்து சாலை போட்ட பிறகு பொதிமாட்டின் இடத்தைக் கட்டை வண்டி பிடித்தது. ஆரணியிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய இரட்டை மாட்டு வண்டி ஒரு நாளைக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். வெயில் மாட்டுக்கு ஆகாது என்பதால் ராத்திரியில் ஓட்டுவார்கள். வண்டிக்கு அடியில் ஒரு லாந்தர், அச்சுக்கு மசகு, மாட்டுக்கு வைக்கோல், வண்டிக்காரருக்குக் கட்டுச்சோறு. வழி தெரிந்த மாடாக இருந்தால் வண்டிக்காரர் தூங்கலாம். இந்த வசதி லாரிக்கு இன்றைக்கும் இல்லை.

ஏற்றுவதில் ஒரு கலை உண்டு. பாரம் முன்னால் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் வண்டி குடை சாயும், நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும். அச்சுக்கு நேர் மேலே, ஒரு சுண்டு விரல் முன்னால் என்கிற மாதிரி பாரத்தை உட்கார வைக்க வேண்டும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாகக் காட்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். அது ஆரணியைத் தொடவில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி களம்பூரில் ஒரு ஸ்டேஷன் கட்டி 'ஆரணி ரோடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரை நம்பி இறங்கினால் அங்கே ரோடு இருக்கும், ஆரணி இருக்காது. இதனால் நடந்தது என்ன? சரக்கை ஊரில் வண்டியில் ஏற்று, களம்பூரில் இறக்கு, ரயிலில் ஏற்று, போகிற இடத்தில் மறுபடி இறக்கி வண்டியில் ஏற்று. கூலி பல தடவை. மூட்டை ஒவ்வொரு முறை கை மாறும்போதும் கொஞ்சம் கிழியும், கொஞ்சம் சிந்தும். அரிசி தாங்கும், பட்டு தாங்காது. அந்தப் பாதை பிறகு அகலப்பாதையும் ஆகிவிட்டது. ஸ்டேஷன் அங்கேயேதான் இருக்கிறது. 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் திண்டிவனம் - நகரி புதிய பாதைக்கு அனுமதி கிடைத்தது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாக சுமார் 180 கிலோமீட்டர். அப்போது பிறந்த பிள்ளைகள் காலேஜ் வந்துவிட்டார்கள், ரயில் வரவில்லை.

ஆக, மிச்சம் இருப்பது லாரி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட லாரிகள் ஏலத்துக்கு வந்தன, நாடு முழுக்கப் பல பேர் அப்படித்தான் லாரி முதலாளி ஆனார்கள். 1954-இல் டாடா - மெர்சிடிஸ் பென்ஸ் லாரி வந்தது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. லாரி கொண்டுவந்த பெரிய மாற்றம் வேகம் மட்டும் இல்லை. ஆரணியில் ஒருமுறை ஏற்றினால் போகிற கடை வாசலில்தான் இறக்கம். ரயில் இல்லாத ஊருக்கு இது வரப்பிரசாதம்.

சரக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மனிதர்கள் வீட்டோடு ஊர் மாறுவது இன்னொரு பக்கம். நெசவாளிகளுக்கு இது ஒன்றும் புதிது இல்லை. மத்தியப் பிரதேசத்து மண்டசோரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. லாட நாட்டிலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து, பட்டு நெசவாளர்கள் கூட்டமாகக் குடிபெயர்ந்து வந்து அங்கே ஒரு சூரியன் கோயில் கட்டியதை அது சொல்கிறது. கோயில் கட்டியது கி.பி. 437 வாக்கில், பழுது பார்த்துக் கல்வெட்டு வெட்டியது 473 வாக்கில். வந்தவர்களில் சிலர் நெசவையே தொடர்ந்தார்கள், சிலர் ஜோதிடம், போர் என்று வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள் என்றும் அதில் இருக்கிறது. பதினைந்து நூற்றாண்டுக்கு முந்தைய இந்தத் தகவலை ஆரணித் தெருவில் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆரணியில் செங்குந்தர்களோடு சௌராஷ்டிரர்களும் நெசவுக் குடும்பங்களாக வாழ்கிறார்கள். குஜராத்தைப் பூர்வீகமாகச் சொல்லும் இந்தச் சமூகம், வீட்டில் பேசும் மொழியை இத்தனை தூரம் சுமந்து வந்திருக்கிறது.

மொழியைச் சுமப்பது சுலபம். தறியைச் சுமப்பது? குழித்தறி என்றால் நெசவாளி கால் வைத்து மிதிக்கும் குழி தரையில் இருக்கும். குழியை லாரியில் ஏற்ற முடியாது. மரச்சட்டத்தைக் கழற்றலாம். மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியை இறக்கலாம், அது நல்ல கனம். டிசைன் அட்டைகள் ஒன்றோடு ஒன்று நூலால் கோத்திருக்கும். வரிசை குலைந்தால் மயில் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வரும். எல்லாவற்றையும் விடப் பயம் பாவுதான். ஆயிரக்கணக்கான இழைகள் ஒவ்வொன்றாக விழுதிலும் அச்சிலும் கோத்திருக்கின்றன. அதை அறுத்து எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். அதனால் முனைகளை அச்சோடும் விழுதோடும் அப்படியே விட்டுக் கட்டி வைத்துக்கொள்வார்கள். போகிற இடத்தில் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய முனையோடு பிணைத்துக்கொள்ளலாம். வண்டியில் ஏறும்போது பீரோ, கட்டில், மிக்சியெல்லாம் எப்படிப் போனாலும் சரி, அந்தக் கட்டை மட்டும் யாராவது மடியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அமெரிக்காவில் வீடு மாறுகிறவர் லாரியை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிப் போவார். 1945-இல் தொடங்கிய யூ-ஹால் கம்பெனி இதை வைத்தே வளர்ந்தது. ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விட்டுவிடலாம். நம் ஊரில் வண்டி என்றால் டிரைவரோடுதான் வாடகை. அதற்கு ஏற்ற வண்டி 2005 மே மாதம் வந்தது. டாடா ஏஸ். இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், முக்கால் டன் பாரம். கம்பெனி வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை, தமிழ்நாட்டில் அது 'குட்டி யானை'. 1986-இல் வந்த 407 ஒரு வீட்டுக்குப் பெரியது, தெருவுக்கும் பெரியது. குட்டி யானை நெசவாளர் தெருவின் சந்துக்குள் நுழைந்து வாசலில் நிற்கும். 2011-இல் அசோக் லேலண்ட் 'தோஸ்த்' வந்தது, அது ஒன்றேகால் டன்.

முக்கால் டன் என்பது எழுத்தில் இருக்கும் கணக்கு. பாதி வண்டி ஏற்றிய பிறகுதான் பாட்டியின் ஆட்டுக்கல் வெளியே வரும். இங்கேதான் கட்டை வண்டிக் கணக்கு திரும்ப வருகிறது. பீரோ, கிரைண்டர், ஜக்கார்டு பெட்டி மாதிரி கனமானதெல்லாம் கேபினை ஒட்டி, கீழே. பின்னால் கனத்தை வைத்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு விட்டுவிடும். ஃபிரிட்ஜ் நின்றபடி. தறிமரம் பக்கவாட்டில் நீளமாக. மெத்தையும் துணி மூட்டையும் இடைவெளிகளில். மேலே தார்ப்பாய், கயிறு. கிளம்பிப் பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்திக் கயிற்றை மறுபடி இறுக்க வேண்டும், ஏனென்றால் அதற்குள் சாமான் அசைந்து உட்கார்ந்திருக்கும், கயிறு தளர்ந்திருக்கும். ஆடி மாதத்தில் வண்டி சும்மா நிற்கும், ஆவணி பிறந்தால் கிடைக்காது.

சட்டமும் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்ட, சாதாரண இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லை வரிச் சாவடிகள் போய்விட்டன. 2018-இல் இ-வே பில் வந்தது. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு அது வேண்டும், உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு வேண்டாம். ஒரு குடும்பத்தின் மொத்தச் சாமானும் வண்டி நிறையப் பில் இல்லாமல் பெங்களூர் போகலாம். அதே வண்டியில் விற்பனைக்கு ஏழெட்டு நல்ல பட்டுச் சேலை இருந்தால், ஒரு கைப்பைக்குள் அடங்குகிற அந்தச் சேலைகளுக்குத் தாள் கேட்பார்கள்.

வாடகை பேசும்போது பெரும்பாலும் போக வர இரண்டு தூரத்துக்கும் சேர்த்துத்தான் பேசுவார்கள். டிரைவர் காலி வண்டியாகத் திரும்ப வேண்டும் என்பது கணக்கு. பெங்களூரில் இறக்கிய கையோடு ஆரணிப் பக்கம் ரிட்டர்ன் லோடு ஏதாவது கிடைக்குமா என்று அவர் போனில் விசாரிக்க ஆரம்பித்திருப்பார்.