நடிப்பும் கம்பியில்லா ஒலிவாங்கியும்

பேசும்படத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் ஒளிப்பதிவுக் கருவியின் வளர்ச்சியை விரித்துரைத்து, ஒலிவாங்கியின் வளர்ச்சியை ஓரிரு வரிகளில் முடித்து விடுகின்றனர். எழுதப்பட்ட அளவிலும் அது கருவி செய்தோரின் வரலாறாகவே அமைகின்றது. இன்ன நிறுவனம் இன்ன ஆண்டில் இன்ன கருவியைச் செய்தது. பின்னர் வேறொரு நிறுவனம் அதனினும் சிறந்ததைச் செய்தது என்றவாறு அது செல்லும். இம்முறை பிழையன்று; ஆயினும் குறையுடையது. கம்பியில்லா ஒலிவாங்கி படப்பிடிப்புத் தளத்திற்குள் நுழைந்த காலங்களை உற்று நோக்கின், அதனை அழைத்து வந்தவர் பொறியாளர் அல்லர், நடிகரும் இயக்குநருமே என்பது புலனாகும். நடிக்கும் அப்பொழுதில் பிறந்த சொல்லையே படத்தில் வைத்தல் வேண்டும் என எவரேனும் ஒருவர் பிடிவாதம் செய்தபோதெல்லாம் கருவி ஓரடி முன்னே சென்றது. இக்கருத்துக்குரிய சான்றுகளை ஈண்டுக் காண்போம்.

1927-இல் வெளிவந்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்தில் அல் ஜோல்சன் பாடல்களுக்கிடையே பேசிய சில சொற்கள் உலகறிந்தவை. அப்படத்தின் ஒலிப்பதிவாளர் ஜார்ஜ் குரோவ்ஸ் என்பவர். இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் என்னும் ஊரில் 1901-இல் பிறந்து, 1923-இல் அமெரிக்கா சென்று, பெல் ஆய்வுக்கூடத்தாரிடம் தொழில் பயின்று வார்னர் படநிறுவனத்தை அடைந்தவர். இவர் பெயரைப் படிப்போர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர் இவரை மீண்டும் காண்போம்.

அக்காலத்து ஒலிவாங்கி ஓரிடத்தில் நிலைபெற்றிருந்தது. பூச்சாடியிலோ மேசை விளக்கிலோ அதனை மறைத்து வைத்தனர். நடிகர் அதன் அருகில் நின்று பேசுதல் வேண்டும். முகத்தைத் திருப்பினால் சொல் தேயும். 1952-இல் வந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' படம் இவ்வவலத்தை நகைச்சுவையாக்கிக் காட்டுகின்றது. நடிகையின் மார்பில் தைத்து மறைத்த ஒலிவாங்கி அவள் நெஞ்சத்துடிப்பைப் பதிவு செய்கின்றது. தரையிற் கிடக்கும் கம்பியை ஒருவர் இழுக்க, நடிகை தலைகுப்புற வீழ்கின்றாள். நகைப்புக்கு உரியதாயினும், உடையில் ஒலிவாங்கியைப் பொருத்தும் எண்ணமும் அதற்குக் கம்பியே பகையென்பதும் அக்காட்சியில் தெளிவாக உள்ளன.

கட்டுண்ட நிலையை முதலிற் பொறாதவர்களுள் ஒருவர் டாரதி ஆர்ஸ்னர் என்னும் பெண் இயக்குநர். 1929-இல் 'தி வைல்ட் பார்ட்டி' படத்தை எடுத்தபோது, துள்ளித் திரியும் இயல்பினளான கிளாரா போ ஒலிவாங்கியைக் கண்டு அஞ்சி ஒடுங்கினாள். ஆர்ஸ்னர் ஒலிவாங்கியை மீன்பிடிக்கும் தூண்டிற்கோலின் நுனியிற் கட்டச் செய்து, நடிகையின் தலைக்கு மேலே அவள் செல்லுமிடமெல்லாம் கொண்டு செல்லச் செய்தார். இன்றும் படப்பிடிப்பில் ஒலிவாங்கியைத் தாங்கும் நீண்ட கோல் இத்தகைய முயற்சிகளின் வழிவந்ததே. ஒரு நடிகையின் கால்கள் அடங்காமையே அதற்குக் காரணம் என்பது நோக்கற்பாலது.

கோலுக்கும் எல்லை உண்டு. தொலைவிலிருந்து எடுக்கும் காட்சியில் அது படத்தினுள் விழும். விளக்கொளியில் நிழல் தரும். தெருவிலோ காற்றிலோ பயன் குன்றும். ஆதலின் பாடலை முன்னரே பதிவு செய்து வாயசைத்தலும், உரையாடலைப் பின்னர்க் கூடத்தில் இருந்து சேர்த்தலும் எங்கும் பரவின. நம் தமிழ்ப் படவுலகிலும் முதற் பேசும்படங்களில் நடிகரே ஒலிவாங்கி முன் நின்று பாடினர். 1930-களின் பிற்பகுதியில் தோன்றிய பின்னணிப் பாடல் வழக்கு பின்னர் நிலைபெற்றது. பிற்காலத்தில் உரையாடலையும் கூடத்தில் சேர்த்தல் பெருவழக்காயிற்று. வாய் ஒருவருடையதும் குரல் மற்றொருவருடையதுமாக இருத்தல் நமக்குக் குறையாகத் தோன்றியதில்லை. ஆதலின் கீழே கூறப்படும் ஹாரிசனின் பிடிவாதம் நம்மவர்க்குச் சிறிது வியப்பளிக்கலாம்.

அதற்குமுன் மேடையில் நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுதல் தகும். ரெஜ் மூர்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1949-இல் பிரைட்டன் நகரில் பனித்தளத்தின்மேல் நிகழ்ந்த 'அலாவுதீன்' நாடகத்தில் கம்பியில்லா ஒலிவாங்கியை நடிகர் உடையிற் பொருத்தினார். பனிமேற் சறுக்கிச் செல்வோர்க்கு வேறு வழியில்லை அன்றோ? அவர் எடுத்துக்கொண்ட வானொலி அலைவெண் அவர்க்கு உரிமையுடையதன்று; ஆதலின் அவர் காப்புரிமையும் கோரவில்லை. 1953-இல் அமெரிக்க ஷூர் நிறுவனம் 'வேகபாண்டு' என்னும் பெயரில் கையில் ஏந்தும் கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது ஏறத்தாழ 700 சதுர அடிப் பரப்பினுள் மட்டுமே இயங்கியது. செருமனியில் சென்ஹைசர் நிறுவனத்தார் வட செருமானிய வானொலியோடு கூடி உருவாக்கிய கருவி 1950-களின் இறுதியில் 'மைக்ரோபோர்ட்' என வழங்கிற்று.

இனி 1963-க்கு வருவோம். பெர்னார்டு ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தைத் தழுவிய 'மை ஃபேர் லேடி' என்னும் இசைநாடகத்தை வார்னர் நிறுவனம் படமாக்கியது. இயக்குநர் ஜார்ஜ் கியூக்கர். 1956 முதல் மேடையில் அப்பாத்திரத்தை ஏற்றுப் புகழ்பெற்ற ரெக்ஸ் ஹாரிசனே படத்திலும் பேராசிரியர் ஹிக்கின்ஸ் ஆனார். ஹிக்கின்ஸ் ஒலியியல் அறிஞர். பிறர் பேச்சைக் கேட்ட அளவில் அவர் பிறந்த ஊரைக் கூறுபவர். குரல்களைப் பதிவு செய்து ஆராயும் பொறிகளை வீடு நிறைய வைத்திருப்பவர். மொழித்துறையார்க்கு நெருங்கிய உறவினர் எனலாம். பிறர் குரலைப் பொறியில் அடைக்கும் இப்பாத்திரத்தை நடித்தவரே தம் குரலை முன்கூட்டிப் பொறியில் அடைக்க இசைந்திலர் என்பது சுவையான முரண்.

ஹாரிசன் பாடகர் அல்லர். பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்டதொரு நடையில் சொற்களை இசையின்மேல் ஏற்றியும் இறக்கியும் கூறுவார். அந்நடையில் ஒருநாள் கூறியவாறு மறுநாள் கூறுதல் தமக்கு இயலாது என்றார். முன்னரே பதிந்த ஒலிக்கு வாயசைத்தால் நடிப்புச் செத்துவிடும் என்பது அவர் கருத்து. நிறுவனத்தின் ஒலித்துறைத் தலைவராக அப்போது இருந்தவர் நாம் முன்னர்க் கண்ட ஜார்ஜ் குரோவ்ஸே. ஜோல்சன் பேசியதைப் பதிந்தவர் ஹாரிசன் பேசுவதையும் அப்பொழுதே பதிய வழி தேடினார். சிறியதோர் ஒலிவாங்கியை நடிகரின் கழுத்துப்பட்டையுள் மறைத்து, உடைக்குள் அலைபரப்பியை வைத்து, அரங்கிற்கு வெளியே ஏற்பியைக் கொண்டு குரலைப் பெற்றனர். இசைக்குழுவைப் பின்னர் அவர் குரலுக்கு இயைய அமைக்க வேண்டியதாயிற்று. இசைக்கு நடிகர் பணியும் முறை தலைகீழாயிற்று. நடிகருக்கு இசை பணிந்தது.

அதே படத்தில் எலைசாவாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னின் பாடல்களுட் பெரும்பாலானவற்றைப் பாடியவர் மார்னி நிக்சன். ஆகவே ஒரே காட்சியில் ஒருவர் வாயிலிருந்து அப்பொழுது பிறந்த குரலும், மற்றவர் வாய்க்குப் பொருத்தப்பட்ட பிறர் குரலும் உடனிற்கின்றன. 1964-ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கார் பரிசுகளில் ஹாரிசன் சிறந்த நடிகர் ஆனார். குரோவ்ஸ் ஒலிப்பதிவுப் பரிசு பெற்றார். ஹெப்பர்ன் பெயர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. திரைப்படத்தில் கம்பியில்லா ஒலிவாங்கியின் முதற் பயன் இதுவே என்பாரும் உளர். முதன்மை நாட்டுதல் நம் கருத்தன்று. ஒரு நடிகரின் மறுப்பே அதற்கு இடமளித்தது என்பதே நாம் கொள்ளத் தக்கது.

இவ்வெற்றிக்குப் பின்னும் இக்கருவி உடனே பெருவழக்காகவில்லை. அதற்கு இயற்கையே காரணம். அலைபரப்பியிலிருந்து புறப்படும் அலை ஏற்பிக்கு நேரே செல்வதோடன்றிச் சுவரிலும் இரும்புச் சட்டத்திலும் மோதித் திரும்பியும் செல்லும். 500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர். நேர்வழிக்கும் சுற்றுவழிக்கும் 30 சென்டிமீட்டர் வேறுபாடு நேருமாயின் ஈரலைகளும் ஒன்றையொன்று அழிக்கும். நடிகர் அரையடி நகர்ந்தால் குரல் வரும். மேலும் அரையடி நகர்ந்தால் குரல் அறும். மனித உடலும் அலையை விழுங்கும். இரண்டு வான்கம்பிகளை வெவ்வேறு இடத்தில் நிறுத்தி, எதில் அலை வலிதோ அதனைக் கொள்ளும் ஏற்பிகள் வந்த பின்னரே இவ்விடர் தணிந்தது. மற்றோர் இடர் முணுமுணுப்புக்கும் முழக்கத்துக்கும் உள்ள இடைவெளி. அலை அவ்வளவு அகலத்தைத் தாங்காது. முணுமுணுப்பு இரைச்சலில் மூழ்கும். ஆதலின் ஓலையைச் சுருட்டிக் குழாயிலிட்டு அனுப்பிச் சேர்ந்த இடத்தில் விரிப்பது போல, ஒலியின் ஏற்றத்தாழ்வைப் பாதியாகச் சுருக்கி அனுப்பி, ஏற்பியில் மீண்டும் விரிக்கும் முறையை 1970-களில் கைக்கொண்டனர்.

ஒலிவாங்கியும் சிறுத்தது. 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்டு செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் இருவர், மின்னேற்றத்தை நிலையாகத் தாங்கும் மெல்லிய நெகிழித் தகட்டால் ஒலிவாங்கி செய்தனர். புறத்தே உயர் மின்னழுத்தம் தர வேண்டாமையின், பின்னர் அதனைப் பயற்றளவிற் செய்தல் இயன்றது. ஆடையில் அணியும் இவ்வகைக்கு மேனாட்டார் 'லாவலியர்' என்று பெயரிட்டனர். மகளிர் கழுத்தணியின் தொங்கலுக்குரிய பெயர் அது. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் காதலி லா வாலியேரின் பெயரடியாக வந்தது என்பர். கழுத்தணியின் பெயர் கருவிக்கு ஆகிவந்தது. நம் இலக்கண நூலார் ஆகுபெயருக்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளோடு இதனையும் சேர்க்கலாம்.

இரண்டாம் திருப்பம் ராபர்ட் ஆல்ட்மன் என்னும் இயக்குநரால் நேர்ந்தது. மக்கள் ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றவர் பேசுவதில்லை. ஒருவர் சொல்லின்மேல் மற்றவர் சொல் ஏறும். அவ்வாறே படத்திலும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1968-இல் வெளிவந்த 'கவுன்ட்டவுன்' படத்தில் நடிகர்களை ஒருங்கே பேசவிட்டதற்காக அவரை நிறுவனத்தார் விலக்கினர் என்பர். ஒரே கோலின் ஒலிவாங்கியில் பல குரல்களும் கலந்துவிட்டால் பின்னர்ப் பிரிக்க இயலாது. ஆல்ட்மன் 'கலிபோர்னியா ஸ்பிளிட்' (1974), 'நாஷ்வில்' (1975) ஆகிய படங்களில் நடிகர் பலர்க்கும் தனித்தனியே கம்பியில்லா ஒலிவாங்கி அணிவித்து, எட்டுத் தடமுடைய நாடாவில் குரல்களைத் தனித்தனியே பதியச் செய்தார். ஒலிப்பதிவாளர் ஜிம் வெப். 'நாஷ்வில்' படத்தில் முதன்மைப் பாத்திரங்களே 24. எவர் குரலை மேலெழச் செய்வது என்பதைப் படப்பிடிப்பில் அன்றிப் பின்னர்த் தீர்மானித்தனர். கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவர் சொல்லும் இதனால் மதிப்புப் பெற்றது.

இம்முறைக்கு எதிர்ப்பும் உண்டு, அது பொருளற்றதன்று. மார்பில் அமர்ந்த ஒலிவாங்கிக்கு அண்மை ஒன்றே தெரியும். நடிகர் நூறு அடிக்கு அப்பால் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் குரல் நம் காதருகே ஒலிக்கும். கண்ணுக்குத் தொலைவும் காதுக்கு அண்மையும் ஆக அமையும் இப்பிணக்கினைக் கோலின் ஒலிவாங்கி செய்வதில்லை. அறையின் இயல்பும் அதில் கூடிவரும். பட்டுத்துணி உராயும் ஒலி மற்றொரு தொல்லை. ஆதலின் தேர்ந்த ஒலிப்பதிவாளர் இன்றும் கோலையே முதலாகவும் உடையொலிவாங்கியைத் துணையாகவும் கொள்வர். எம் கருத்தும் அதுவே. எனினும் ஹாரிசனுக்கும் ஆல்ட்மனுக்கும் கோல் உதவியிராது என்பதையும் மறுத்தற்கில்லை.

2012-இல் டாம் ஹூப்பர் இயக்கிய 'லே மிசராப்' படம் ஹாரிசன் வழியை முழுப்படத்துக்கும் விரித்தது. நடிகர் அனைவரும் படப்பிடிப்பின்போதே பாடினர். காதினுள் மறைத்த சிறு கருவியில், அரங்கிற்கு அப்பால் ஒருவர் வாசிக்கும் பியானோவைக் கேட்டனர். வாசிப்பவரோ நடிகரின் போக்கைப் பின்தொடர்ந்தார். முழு இசைக்குழுவைப் பின்னரே சேர்த்தனர். ஒலிப்பதிவாளர் சைமன் ஹேஸ் துணி உராய்வைத் தவிர்க்க ஒலிவாங்கியை உடையின் மேற்புறத்திலேயே வைத்தார். படத்தில் தெரிந்தவற்றைக் கணிப்பொறியால் அழித்தனர். அரை நூற்றாண்டாகக் கழுத்துப்பட்டைக்குள் ஒளிந்திருந்தது வெளியே வந்தமை இங்ஙனம். ஒலிக்காக உருவத்தைத் திருத்துதற்குப் படவுலகம் இசைந்தது அரிதாகும். ஹேஸும் அவர்தம் கூட்டாளிகளும் அவ்வாண்டுக்குரிய ஒலிக்கலவைப் பரிசு பெற்றனர்.

எஞ்சியுள்ளது வான்வெளியின் உரிமை பற்றியது. மூர்ஸ் தமதல்லாத அலைவெண்ணில் தொடங்கியதை முன்னர்க் கண்டோம். அமெரிக்காவில் படத்தயாரிப்பாளர் உரிமம் பெற்றுத் தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்தாத இடைவெளிகளில் இயங்கினர். ஊர்ப் புறம்போக்கில் குடிசை போட்டவன் நிலைமையே அது. நிலையத்துக்கு இடையூறு செய்தலாகாது, நிலையத்தால் வரும் இடையூற்றைப் பொறுத்தல் வேண்டும். கைத்தொலைபேசிக்கு அலை தேவைப்பட்டபோது அப்புறம்போக்கும் போயிற்று. 2010 சூன் 12-க்குப் பின் 698 முதல் 806 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிவாங்கிக்கு விலக்கப்பட்டது. அடுத்து 600 மெகாஹெர்ட்ஸ் பகுதி ஏலம் விடப்பட்டு, 2020 சூலை 13-க்குப் பின் அதன் பெரும்பகுதியும் மூடப்பட்டது. நல்ல நிலையில் இருந்த கருவிகள் பல ஒருநாளில் பயனற்றன; சிறு ஒலிப்பதிவாளர்க்கு இது பேரிழப்பு.

குறுகிய வெளியில் பல குரல்களைச் செலுத்தும் தேவை எண்முறைக் கருவிகளை விரைந்து வளர்த்தது. லெக்ட்ரோசானிக்ஸ், சாக்ஸ்காம் என்னும் இரு அமெரிக்க நிறுவனங்களின் பொறியாளர்க்கு 2017-இல் ஆஸ்கார் கழகத்தின் அறிவியல் தொழில்நுட்பப் பரிசுகள் அளிக்கப்பட்டன. முன்னவர் சுருக்கி விரிக்கும் முறையை ஒழித்து, ஒலியை எண்களாக்கிப் பழைய அலைவழியே அனுப்பினர். பின்னவர் நடிகர் உடலில் உள்ள அலைபரப்பிக்குள்ளேயே நினைவட்டை ஒன்றை வைத்து, குரலை அனுப்பும்போதே அதில் பதியவும் செய்தனர். அலை அறுபட்ட இடத்தில் படத்தொகுப்பின்போது அவ்வட்டையிலிருந்து சொல்லை எடுத்துச் சேர்த்துக்கொள்கின்றனர். ஒலிவாங்கி மட்டுமன்றி ஒலிப்பதிவுப் பொறியும் நடிகரின் இடுப்புக்கே வந்து சேர்ந்தது.