நீராவிக் காலத்து ஜப்பானில் வந்து இறங்கியவன் எங்கே தங்கினான்?

எங்கள் பாடசாலையில் தரம் 11 பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கற்பனை நகரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொப்பியின் பின்பக்கத்தில்தான். ஜப்பான் மாதிரி ஓர் ஊர். வாள், கிமோனோ, ஓட்டுக் கூரை எல்லாம் இருக்கிறது. கூடவே நீராவியில் பறக்கும் கப்பலும் பித்தளைப் பற்சக்கரங்களும். கைத்தொழிற் புரட்சிப் பாடம் நடக்கும்போது பிடிபட்டார்கள். ஏசத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஒருவன் கேட்டுவிட்டான்: "சேர், இந்த ஊருக்குப் புதுசா வாற ஒருத்தன் எங்க தங்குவான்? அது மட்டும் எங்களுக்கு விளங்கல்ல."

கொப்பியைப் பறிக்கவில்லை. ஏனென்றால், பறக்கும் கப்பலைக் கழித்துவிட்டால் அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருந்தது. 1868இல் எடோ என்ற பெயர் டோக்கியோ என்று மாறியது. 1872இல் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு ரயில் ஓடியது. 1874இல் கின்சா தெருவில் காஸ் விளக்கு எரிந்தது. அந்த ரயிலில் மூட்டையோடு வந்து இறங்கிய கிராமத்துப் பையன் அன்றிரவு எங்கே படுத்தான் என்பதுதான் இவர்களுடைய கேள்வி.

கின்சாவில் இல்லை. 1872இல் தீப்பிடித்து எரிந்த அந்தப் பகுதியை, தோமஸ் வோட்டர்ஸ் என்ற பொறியியலாளரின் திட்டப்படி அரசாங்கம் செங்கல்லில் கட்டியது. பார்க்க அழகு. ஆனால் விலை கூடுதல், உள்ளே ஈரக்கசிவு. பல வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. சிலவற்றை வித்தை காட்டுபவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாம் பாடப்புத்தகத்தில் படமாகப் பார்ப்பது இதைத்தான்.

சனம் இருந்தது நாகாயாவில். நீண்ட மரக்கட்டடம் ஒன்றை அறை அறையாகத் தடுத்த வரிசை வீடு, நம் மலையகத்து லயன் மாதிரி. மிக மலிவான அறை ஏறக்குறைய 9 அடி அகலம், 12 அடி நீளம். அதற்குள்ளேயே அடுப்பு வைக்கும் மண்தரை. மிச்ச இடத்தில் நாலரைப் பாய் விரிக்கலாம், அதில்தான் முழுக் குடும்பமும். கிணறும் மலசலகூடமும் எல்லோருக்கும் பொது. வாடகை வாங்கி, சண்டை தீர்த்து, நல்லது கெட்டது பார்ப்பவர் 'ஓயா' (நம் நாட்டு ஓயா அல்ல). இவர் வீட்டின் சொந்தக்காரர் அல்ல, அவருக்காகப் பராமரிப்பவர். எடோ காலத்தில் இவருக்கு இன்னொரு வருமானமும் இருந்தது. மலசலகூடத்துக் கழிவை விவசாயிகள் உரத்துக்காகக் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காசு ஓயாவுக்கு. இதைச் சொன்னபோது வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

ஆனால் நான் அவர்களை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்றில். எடோவில் 9 அடி அறைக்குக்கூட காசு மட்டும் போதாது, பிணையாளி வேண்டும். இந்த ஆளை எனக்குத் தெரியும், கெட்டவன் அல்ல, பிரச்சினை வந்தால் நான் பொறுப்பு என்று ஒருவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தப் பத்திரத்தில் அவன் எந்தப் பௌத்த விகாரையைச் சேர்ந்தவன் என்பதும் இருக்கும், கிறிஸ்தவன் அல்ல என்பதற்கு அத்தாட்சியாக. சொந்தபந்தம் இல்லாமல் வந்தவனுக்கு யார் கையொப்பமிடுவார்? அதற்கும் ஆள் இருந்தது. 'ஹிதோயாதோ' என்ற இடைத்தரகர்கள் தங்க இடமும் கொடுத்து, வேலையும் பிடித்துக் கொடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு பிணையும் நின்றார்கள். மெய்ஜி அரசு வந்து விகாரைப் பதிவை ஒழித்தது. பிணையாளி மட்டும் போகவில்லை. இன்றைய ஜப்பானிலும் வாடகை வீட்டுக்குப் பிணை கேட்பது வழக்கம்.

இந்த இடத்தில் எனக்குச் சொந்த ஞாபகம் ஒன்று வந்தது. கலாசாலைக்குப் போன முதல் மாதம் போர்டிங் தேடி அலைந்தேன். ஒரு வீட்டில் தொலைபேசியில் எல்லாம் பேசி முடிந்து, வாடகையும் சரி என்ற பிறகு பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். கொஞ்சம் மௌனம். பிறகு, அறையை நேற்றே கொடுத்துவிட்டோம் தம்பி என்றார்கள். கடைசியில் எனக்கு அறை கிடைத்தது எங்கள் விரிவுரையாளர் ஒருவர் வந்து, "இவர் நம்ம பிள்ளை" என்று சொன்னதால்தான்.

பிணை கிடைக்காதவனுக்கு 'கிச்சின்யாதோ' இருந்தது. பெயரின் பொருள் விறகுக் காசு விடுதி. ஆதியில் அரிசியைப் பயணியே கொண்டுவருவான், சமைக்கும் விறகுக்கு மட்டும் காசு கொடுப்பான். மெய்ஜி டோக்கியோவில் அது நாட்கூலிகளும் ரிக்‌ஷா இழுப்பவர்களும் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்கும் இடமானது. சமெகஹாஷி போன்ற சேரிகளில் இராணுவப் பாடசாலையின் மிச்சச் சோற்றை வாங்கி விற்கும் கடைகளே இருந்தன. மட்சுபரா இவாகொரோ 1893இல் இதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்துப் புத்தகமாக எழுதினார்.

பிணையும் வேண்டாம், காசும் வேண்டாம், நாங்களே இடம் தருகிறோம் என்று கூப்பிட்ட இடம் ஒன்றும் இருந்தது. நீராவி இயந்திரம் ஓடிய ஆலை. 1883இல் வேலை தொடங்கிய ஒசாகா நூற்பாலையில் 10,500 கதிர்கள். சில வருடங்களில் மின்விளக்கும் வந்தது, இரவு வேலையும் வந்தது. நாட்டின் ஆலைகளுக்குக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். தகப்பன் கையில் முற்பணம், பிள்ளைக்கு விடுதி. ஆளுக்கு ஒரு பாய் அளவு இடம். பகல் வேலைக்காரி எழும்பிய படுக்கையில் இரவு வேலைக்காரி வந்து படுப்பாள், படுக்கையின் சூடு ஆறாது. வெளியே போக அனுமதி வேண்டும். முற்பணம் கழியும்வரை ஓடிப்போகக் கூடாது என்பதற்காகக் கதவில் பூட்டு. 1900 ஜனவரியில் அய்ச்சி மாகாணத்து நெசவாலை ஒன்றில் தீப்பிடித்தபோது, விடுதியில் தூங்கிய 31 பெண்கள் வெளியேற முடியாமல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி. தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது 1911இல். நடைமுறைக்கு வந்தது 1916இல்.

இதைச் சொல்லும்போது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் போர்டிங்கில் இருக்கும் தாத்தாமார் சில பிள்ளைகளுக்கு உண்டு. (வெளியூர் நண்பர்களுக்காக: எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.)

அடுத்த நாள் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார்கள். பறக்கும் கப்பல் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே வரிசை வீடு, கிணறு, பொது மலசலகூடம் (அதைத்தான் ஆகப் பெரிதாக வரைந்திருந்தார்கள்). ஓயாவின் வாசலில் ஒருவன் பெட்டியோடு நிற்கிறான். பக்கத்தில் இன்னொரு ஆள், கையில் பேனை.

"இது யாரு?" என்றேன்.

"பிணைக்கு வந்தவர் சேர். இவர் இல்லாட்டி கதை தொடங்காது."