மதிலுக்கு வெளியே கிடந்த கவசங்கள்

படங்களிலையும் வீடியோ கேம்களிலையும் நாங்கள் பார்க்கிற மத்தியகால ஐரோப்பிய வீரன் எப்பவும் ஒரே மாதிரித்தான்: தலை தொடக்கம் கால் வரை பளபளக்கும் இரும்பு. அவனைக் குதிரையில ஏற்றவே நாலு பேர் தூக்கிவிட வேணும் என்றும் ஒரு கதை உண்டு. இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம்.

சாதாரண காலாள் பலரின் கவசம் இரும்பே இல்லை, துணி. லினன் துணியைப் பல அடுக்காக வைத்து, சிலவேளை உள்ளே கம்பளியோ கந்தலோ அடைத்து, மெத்தை மாதிரி நெருக்கித் தைத்த சட்டை அது. விழுகிற அடியின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். வசதி உள்ளவன் அதற்கு மேலே சங்கிலிக் கவசம் போட்டான்.

சங்கிலிக் கவசம் செய்வதற்குப் பொறுமை வேணும். இரும்புக் கம்பியை ஒரு கோலில் சுருளாகச் சுற்றி, சுருளை நீளவாக்கில் வெட்டினால் வளையங்கள் உதிரும். ஒவ்வொரு வளையத்தின் முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தட்டையாக்கி, துளையிட்டு, மிகச் சிறிய ஆணியால் இறுக்கினார்கள். ஒரு வளையம் வேறு நான்கு வளையங்களோடு கோக்கப்படும். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள். எடை 10 கிலோவைத் தாண்டும். வாள்வெட்டை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் கூரான அம்புக்கும் எலும்பை முறிக்கிற அடிக்கும் அது போதாது.

அதனால 13ஆம் நூற்றாண்டிலிருந்து தகடுகள் வந்தன. துணி அல்லது தோல் மேற்சட்டையின் உட்பக்கத்தில இரும்புத் தகடுகளை ஆணியடித்துப் பொருத்தினார்கள். 15ஆம் நூற்றாண்டில் மிலான், அவுக்ஸ்பேர்க், நியூரம்பேர்க் பட்டறைகளில் முழுத் தகட்டுக் கவசங்கள் உருவாகின. ஒன்று ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ. அந்தப் பாரம் உடம்பு முழுக்கப் பரவியிருக்கும் என்பதால, பழகியவன் ஓடலாம், தானே குதிரையிலும் ஏறலாம். ஆனால் அதை வாங்கப் பணம் வேணும்.

பணம் இல்லாதவர்களுக்கு என்ன நடந்தது?

போல்டிக் கடலில் உள்ள கொட்லாந்து தீவில் அதற்குப் பதில் கிடைத்தது. 1361 யூலை 27, டென்மார்க் மன்னன் நான்காம் வால்டெமாரின் படை விஸ்பி நகரத்தை நெருங்கியது. எதிர்த்து நின்றவர்கள் தீவின் விவசாயிகள். நகரத்தார் மதிலுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். விவசாயிகள் மதிலுக்கு வெளியே வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். பிறகு நகரம் சரணடைந்தது.

1905இல் அங்கே புதைகுழிகளை அகழத் தொடங்கினார்கள். குறைந்தது 1,185 பேரின் எலும்புகள் கிடைத்தன. சிறுவர்களும் இருந்தார்கள், முதியவர்களும் இருந்தார்கள். பலருடைய கால் எலும்புகளில் வெட்டுக்காயம். கவசம் மூடாத இடம் அதுதானே.

வழமையாக வென்றவர்கள் கவசங்களைக் கழற்றி எடுத்துப் போவார்கள். அவை விலை கூடியவை. ஆனால் இது கோடைகாலம், உடல்களோ ஏராளம். அதனால பலரை அணிந்திருந்தபடியே புதைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தகடு பொருத்திய சட்டைகளும், மண்டையோட்டோடு ஒட்டிப்போன சங்கிலி முக்காடுகளும் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தன. அவற்றில் பல அந்தக் காலத்துக்கே பழைய பாணி.

மினுக்கி வைத்த அரச கவசங்களை அரும்பொருட்சாலைகளில் நிறையவே பார்க்கலாம். சாதாரண மனிதர் எதைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனார் என்று அறிய, நாங்கள் இந்தத் துருப்பிடித்த தகடுகளிடம்தான் வரவேண்டியிருக்கு.